எளுப்பம்

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில்
நேந்திரங்காய் வற்றல் கடைக்கு மேல்மாடி.
ஐந்து நாற்காலி, ஒரு செயலி,
படத்தைத் திருத்த அறுபத்திரண்டு பொத்தான்.
கீழே எண்ணெய் காயும்போது
நான் வரையும் ஐகானெல்லாம் மஞ்சளாய் மணக்கும்.

அறுபத்திரண்டும் என் கைவேலை.
ஒன்றைக் குறை என்று யாராவது சொன்னால்
பந்தியில் ஓலன் வேண்டாம் என்றதுபோல்
முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன் மூன்று வருஷம்.

சோதனைக்கு முதலில் வந்தவர் லீலாபாய்,
தக்கலைக் கல்யாணத் தரகர்.
நனைந்த குடையை விரித்தபடியே மூலையில் வைத்தார்.
போனில் ஒரு பெண்ணின் படத்தைத் திறந்தார்.
சோதனையில் ஒரு விதி: நாங்கள் வாய் திறக்கக்கூடாது.
‘இதுல எதை ஞெக்கணும்?’
சஜிதா குறிப்பேட்டைப் பார்த்தாள்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
‘நாக்கு இல்லியா பிள்ளைகளே?’
கர்வ்ஸ் என்பதைத் தொட்டார்.
‘இது என்ன, வேளிமலை ஏறுத ரோடா?’
கோட்டைப் பிடித்து இழுத்தார். பெண் நீலமானாள்.
‘அய்யோ, பாம்பு கடிச்ச மாதிரி ஆச்சே!’

குடையை மடக்கும்போது சொன்னார்:
‘எனக்கு வேண்டியது வெளுப்பு.
ஒரே ஞெக்கு. எளுப்பமா இருக்கணும்.’

எளுப்பம்.
வெள்ளைப் பலகையில் சஜிதா அதைப் பெரிதாக எழுதினாள்,
அதற்குக் கீழே ஒவ்வொன்றாக அடித்தாள்.
அறுபத்திரண்டு ஒன்பதானது.
கர்வ்ஸ் போன இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.
கணக்கெடுத்ததில் எல்லோரும் அதிகம் தொடுவது வெளுப்பைத்தான்.
அதை நடுவில் வைத்தோம்,
தூக்கத்திலும் பெருவிரல் எட்டும் இடத்தில்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கருங்கல்லிலிருந்து ஜெபிஷா.
முந்திரி ஆலையில் கணக்கெழுதுகிறவள்.
லீலாபாய்தான் அனுப்பி வைத்திருந்தார்.
ஏதாவது ஒரு படத்தைத் திறந்து
உங்களுக்குப் பிடித்தபடி மாற்றுங்கள் என்றோம்.
தனக்கு வாட்ஸப்பில் வந்த தன் படத்தைத் திறந்தாள்.
எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமானது:
அன்று நீலமான பெண்.

வெளுப்பைத் தொட்டாள்.
வலப்பக்கம் தள்ளவில்லை, இடப்பக்கம் இழுத்தாள்.
பூஜ்யத்தில் நின்றது.
மறுபடி இழுத்தாள். நின்றது.
பூஜ்யத்துக்கு இடப்பக்கம்
நாங்கள் ஒன்றும் வைத்திருக்கவில்லை.
பதினோரு தடவை. பிறகு திரைப்பதிவில் எண்ணினேன்.
வெளிச்சத்தைக் குறைத்தாள்: முகம் சாம்பல்.
சூட்டைக் கூட்டினாள்: செங்கல்.
பிறகு ஒரு விரலைத் தன் தாடையில் வைத்து
இன்னொரு விரலைத் திரையில் வைத்து
‘இங்க ஒரு மச்சம் உண்டு’ என்றாள்,
யாரிடமும் கேட்காததுபோல்.

விதியை மீறியது சஜிதாதான்.
‘வராதுக்கா. அதுக்கு மேலேயே சேமிச்சிட்டாங்க.’
‘செரி’ என்று ஜெபிஷா படிவத்தில் கையெழுத்திட்டாள்,
ஐந்நூறு ரூபாயை மடித்துப் பையில் வைத்தாள்.
கீழே வற்றல் வாங்க அவள் நின்றது
ஜன்னலிலிருந்து தெரிந்தது.

அப்புறம் ஐந்து வாரம்.
எந்தப் படத்துக்கும் அடியில்
முதலில் எடுத்தது அப்படியே கிடக்கும்படி
அடித்தளத்தையே பிரித்துக் கட்டினோம்.
யாருக்கு அனுப்பினாலும் அதுவும் கூடவே போகும்.
அதற்கென்று பத்தாவது பொத்தான்.
பெயருக்குச் சண்டை: ரீசெட், மீட்டமை, அசல்.
ஒருநாள் முழுக்க மழை, கரண்டும் இல்லை,
அன்றைக்குத்தான் முடிவானது.
இருந்தபடி.

வெளியிட்ட சாயங்காலமே முதல் செய்தி வந்தது,
தக்கலையிலிருந்து, குரல்பதிவாக, பின்னால் பஸ் ஹாரன்.
‘கொள்ளாம் பிள்ளைகளே, நல்ல எளுப்பம்.
அந்தக் கடைசிப் பொத்தானை மட்டும்
மாப்பிள்ளை வீட்டுக்குப் போவும்போ
மறைச்சு வைக்க வழி உண்டா?’

சஜிதா மூன்றாம் தடவையாகப் போட்டுக் கேட்கிறாள்.
கீழே எண்ணெயில் காய் விழும் சத்தம்.
நாங்கள் வாய் திறக்கவில்லை.