எட்டுக் கட்டம்

பிறந்த திகதிக்குப் படிவத்தில் எட்டுக் கட்டம்.
வெறுமையாய் விட்டால்
கொழும்புக் கணினி பிள்ளையை ஏற்காது.

பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இப்பால்
தகரக் கொட்டிலின் நிழலில் குந்தியிருந்து
யோகமலரிடம் கேட்டேன்.
"கச்சான் காத்து அடிச்ச நேரம் மிஸ்.
அண்டைக்குத்தான் எங்கட மறியாடு
ரெண்டு குட்டி போட்டது.
துண்டெல்லாம் சாக்கோட போயிற்று.
சாக்கு எங்க போனதெண்டு
கடலத்தான் கேக்கணும்."

ஆட்டுக்குட்டியை எந்தக் கட்டத்தில் எழுத?
வெயில். இன்னும் ஆறு வீடு.
மோட்டார் சைக்கிளில் பெற்றோல் மட்டு.
கை தானாய் எழுதிற்று:
ஒன்று, ஏழு, ஒன்று, பூச்சியம்.
நாளும் மாதமும் என்னுடையவை.
வருடத்தை மட்டும்
பிள்ளையின் பல்லைப் பார்த்துப் போட்டேன்.

திருமதி இங்கெபோர்க்,
இது உங்களுக்குத் தெரியாது.
ஒக்டோபர் பதினேழுக்கு ஒரு கிழமை முந்தியே
வாழைச்சேனை அலுவலகத்துக்கு
உங்கள் உறை வந்துவிடும்,
கொம்புமான் முத்திரையோடு.

முதல் வருடம் ஒட்டுப்படங்கள்.
அடுத்த வருடம் ஊதா ரிப்பன்,
கூட வந்த காசுக்கு ஒரு சோடிச் சப்பாத்து.
மூன்றாம் வருடக் காசில்
பத்துக் கிலோ அரிசி, ஒரு நுளம்பு வலை.
படம் எடுக்கையில் அவள் வலையைத் தலையில் போட்டு
மணப்பெண்போல் நின்றாள்.
கொழும்பு அதைத் திருப்பி அனுப்பியது:
பரிசுப்பொருள் தெளிவாகத் தெரியவேண்டும்.
மறுகா போய்
மடித்த வலையை நெஞ்சோடு பிடிக்கச் சொல்லி,
சிரிக்கவும் சொல்லி,
எடுத்தேன்.
உங்கள் சுவரில் தொங்குவது அதுதான்.

இந்த வருடம் வந்தது ஒரு வாழ்த்து மடல்.
திறந்தால் பாடும்.
முதல் வரி முடியுமுன் யோகமலர் பொத்திவிட்டாள்.
"பற்றி இறங்கிரும், வையிகா."
வேணுஜா வைக்கவில்லை.
ஒரு விரல் நுழையுமளவு திறப்பாள்,
ஒரு சொட்டுப் பாட்டு,
மூடுவாள்.
ஆடு ஒவ்வொரு முறையும் காதை நிமிர்த்திற்று.

அன்று எனக்கு நாற்பத்திரண்டு.
காலையில் வாழ்த்தியது
தொலைபேசிக் கம்பனி மட்டும்,
என் பெயரில் ஒரு எழுத்தைப் பிழையாய் அடித்து.
வழியில் பேக்கரியில் நிறுத்தி
பட்டர் கேக் கால் கிலோ வாங்கினேன்.
பற்றுச்சீட்டில் வேணுஜாவின் பெயரை எழுதுவித்தேன்.
கணக்குக்கு அது போதும்.

படம் எடுத்தாயிற்று. ஒப்பமும் வாங்கியாயிற்று.
மழை கறுத்துக்கொண்டு வந்தது.
சைக்கிள்வரை கூடவே வந்தவள் சொன்னாள்:

"மிஸ், நான் கச்சானுக்குப் பொறந்தவளாம்.
அம்மா சொன்னவ.
இது மாரி.
அவவுக்கு எழுதிராதீங்க, பாவம்.
நாள் பிழையெண்டா மனம் நொந்திருவா."

பிறகு, சில்லில் ஒட்டிய சேற்றைக் காலால் தட்டியபடி,
"அப்ப இது ஆர்ர பொறந்த நாள் மிஸ்?"

உதைத்தேன். எழும்பவில்லை.
இன்னொருக்கா உதைத்தேன்.
அவள் போகவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள்
மடலை என் பக்கம் நீட்டி
முழுசாய்த் திறந்து பிடித்தாள்.

நாலு வரிப் பாட்டு.
இழுபட்டு, கரகரத்து,
கடைசிச் சொல்லில் பூச்சிபோல் முனகி
நின்றது.
அதுவரை இருவரும் அசையவில்லை.
மழைதான் அசைந்தது.

இரவு மின்வெட்டு.
மெழுகுதிரியில் அவள் கடிதத்தை
உங்களுக்காக ஆங்கிலத்தில் எழுதினேன்.
'பாட்டு நல்லம். முழுக்கக் கேட்டம்.'
ஒரு பிள்ளை, ஒரு குரல்.
'கேட்டேன்' என்றுதான் இருக்கவேண்டும்,
பயிற்சிப் பட்டறையில் சொல்லித்தந்தார்கள்.

'கேட்டோம்' என்றே விட்டிருக்கிறேன்.
தாயும் பிள்ளையும் என்று எடுத்துக்கொள்வீர்கள்.
எடுத்துக்கொள்ளுங்கள்.