ஆறாம் பாட்டுக்கு முன்னால் ஓர் இருமல்

ஓசூரில் வாங்கிய பழைய பொலிரோ பிக்கப்பில்
முந்தைய ஓனர் விட்டுப்போனவை:
சீட்டுக்கடியில் ஒற்றைச் செருப்பு,
கண்ணாடியில் பாதி கிழிந்த ஏதோ கல்லூரி ஸ்டிக்கர்,
பாட்டுப் பெட்டியின் துளைக்குள்
முறிந்து உள்ளேயே நின்றுவிட்ட பென் டிரைவ்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எலெக்ட்ரீஷியன் சபீர்
இடுக்கியால் இரண்டு முறை முயன்றான்.
"புடுங்கினா செட்டே போயிரும்ணா.
ரேடியோ ஏற்கெனவே செத்தாச்சு.
இருக்கறதைக் கேளு."

இருந்தது ஒன்பது பாட்டு.
ஒன்பதும் கிட்டார்.
ஒன்று போதாதென்று இரண்டு,
அதற்கும் அடியில் உறுமிக்கொண்டு இன்னொன்று,
தகர டப்பாவைத் தெருவெல்லாம் துரத்துவதுபோல் ட்ரம்ஸ்.
பாடுகிறவன் எந்த மொழியென்றே பிடிபடவில்லை.
இங்கிலீஷ் என்றால் இந்நேரம் லவ் வந்திருக்கும்,
இந்தி என்றால் தில்.
இரண்டும் வரவில்லை.
திரையிலும் பேரில்லை ஊரில்லை,
ட்ராக் ஒன்று, ட்ராக் இரண்டு,
மண்டியில் கிரேடுக்கு நம்பர் போட்டதுபோல.

ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்
கிளம்பும்போது தானாகத் தொடங்கும்.
மாரண்டஅள்ளி வருவதற்குள் அணைத்துவிடுவேன்.
இப்படிப் பதினைந்து நாள்.

அணைக்க மறந்தது
கிரேடு அறுபது ரூபாய்க்குப் போன நாளில்.
பறிகூலி, கமிஷன், என் வாடகை எல்லாம் கழித்தால்
விளைவித்தவன்தான் மேற்கொண்டு பணம் கட்டணும்.
பக்கத்தில் முனியப்பா.
தெலுங்கில் திட்டுவார், தமிழில் கணக்குச் சொல்வார்,
அன்று இரண்டிலும் பேசவில்லை.

பாலக்கோடு தாண்டி, நாலாம் பாட்டில்
இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று முந்தப் பார்த்து,
முந்தாமல்,
ஹெட்லைட்டைத் தணித்துக்கொண்டு
ஒரே லேனில் பின்னும் முன்னுமாய்ப் போயின.
என் கால் ஆக்ஸிலேட்டரில் தாளம் போட்டதை
வண்டி குலுங்கிய பிறகுதான் கவனித்தேன்.
டேஷ்போர்டில் முனியப்பாவின் இரண்டு விரல்.
ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்,
பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் கேட்டு
மாட்டிக்கொண்டவர்கள்போல்.

இப்போது நான்கு சுற்று ஓடினால் சேலம்.
டோல்கேட்டில் கூட்டமில்லாவிட்டால்
மூன்றாம் சுற்றின் ஏழாம் பாட்டு
தொப்பூர் கணவாயில் வந்து விழும்.
அந்தப் பாட்டும் அப்படித்தான்,
பிரேக்கை மிதிக்காமல்
எஞ்சினாலேயே தன்னைப் பிடித்துப் பிடித்து இறங்கும்.
வெளியே ஒலிபெருக்கி மாற்றி மாற்றி எல்லா மொழியிலும்
மெதுவாகப் போ மெதுவாகப் போ என்கிறது.
உள்ளே இவன் வேறென்னவோ சொல்கிறான்.

மகள் நிரஞ்சனா ஒருநாள் போனை நீட்டினாள்,
கேட்டுவிட்டு யார் பாட்டென்று சொல்லுமாம்.
போன் சுற்றிச் சுற்றி யோசித்து
தெரியவில்லை என்றது.
எனக்கு ஏனோ சந்தோஷம்.

ஆனால் எனக்கென்று ஒன்றைச் சொல்லச் சொன்னால்
ஆறு.
அது தொடங்குமுன் யாரோ ஒருத்தன் இருமுகிறான்.
சளி கட்டிய நல்ல இருமல்.
இன்னொருத்தன் மூக்கால் சிரிக்கிறான்.
குச்சிக்குக் குச்சி தட்டி நாலு எண்ணம்,
பிறகு பாட்டு.
வெட்டி எறிந்திருக்கலாம், எறியவில்லை.
நல்ல பழத்தை மேலே அடுக்கி
அடியில் சொத்தையை மறைக்கிற தொழில் எங்களுடையது.
இவர்கள் சொத்தையை மேலேயே வைத்திருக்கிறார்கள்.
எந்த ஊரோ, என்ன குளிரோ,
மாத்திரை ஏதும் போட்டானோ என்னவோ.

போன செவ்வாய்க்கிழமை மழை.
கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து
ஆஞ்சநேயர் கோயில்வரை சிவப்பு விளக்குகள்.
பழம் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தது.
எஞ்சினை நிறுத்தினேன், பெட்டியை நிறுத்தவில்லை.
ஐந்தாம் பாட்டு முடிந்தது.
இருமல் வந்தது,
பெட்டியிலிருந்து இல்லை, பக்கத்து சீட்டிலிருந்து.
பெட்டி அரை நொடி கழித்து இருமியது.

"முந்திட்டேன்" என்றார் முனியப்பா,
கணக்கில் தப்பு விட்டவர்போல் தலையைச் சொறிந்து.

அடுத்த சுற்றுக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.
முன்னால் லாரிகள் அசைவதாகக் காணோம்.