அனுமதிக்கவா, தடுக்கவா

மல்லாவிச் சந்தியில் ஃபோன் கடை வைத்திருக்கும்
நிரோஜன் போட்டுத் தந்தான். காசு வாங்கவில்லை.
"இனி வைரஸ் வராது அக்கா, ஃபயர்வோல்
கேட்டுக் கேட்டுத்தான் விடும்."

கேட்கத்தான் செய்தது.
பால் சங்கக் கணக்கை அடிக்க இருந்தால்
திரை மூலையில் ஒரு பெட்டி எழும்பும்:
இன்னார் வெளியே போகப் பார்க்கிறார்,
அனுமதிக்கவா, தடுக்கவா?

இன்னாரை எனக்குத் தெரியாது.
எஸ்விசிஹோஸ்ட் என்று பெயர். ஊர் இல்லை.
நாளைக்குப் பத்துத் தரம் வந்து நிற்கும்.

ஓமந்தையில்
பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.
சவர்க்காரக் கட்டியை இரண்டாய் வெட்டுவார்கள்.
வெட்டின பாதிகளோடு நான் நின்றிருக்கிறேன்,
போ என்று ஒரு வாய் சொல்லும்வரை.

இப்போது கதிரையில் இருப்பது நான்.
தடு என்று அமத்த
என்ன சுகம் தெரியுமா!
இரண்டு நாள் ஒருவரையும் விடவில்லை.

மூன்றாம் நாள் பிரிண்டர் அசையவில்லை.
சூரிச்சில் இருந்து தங்கச்சி
பக்கத்து வீட்டு மரியரத்தினத்துக்கு எடுத்து
"அக்காவுக்கு என்ன நடந்தது?" என்று அழுதாளாம்.
ஸ்கைப்பையும் தடுத்து வைத்திருக்கிறேன்.

பட்டியலைத் திறந்தேன். நாற்பத்தொரு பேர்.
தங்கச்சியை விட்டேன், பிரிண்டரை விட்டேன்,
எஸ்விசிஹோஸ்டில் கை நின்றது.
நிரோஜனுக்கு எடுத்தால் ஃபோன் ஓஃப்.

இரவு பதினொன்றரை.
வயல் பக்கம் யானைவெடி ஒன்று கேட்டு அடங்குகிறது.
மூலையில் அது இன்னும் நிற்கிறது,
அவிழ்த்துக் காட்ட
ஒரு பொதிகூட இல்லாமல்.