எழுவான்கரையில் இரண்டு குளோரின்

மருந்துப் பையைக் கறுப்புத் தாளால் சுற்றியிருந்தார்கள்.
வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்.
"பிளாட்டினம் எண்டா தங்கத்த விட விலையா மிஸ்?"
ஒரு காலத்தில் கூட, இப்போது குறைவு என்றேன்.
"அப்ப பயமில்ல. ஆரும் களவெடுக்க மாட்டாங்க"
என்றாள் யோகமலர்.
கையில் ஊசி. கட்டிலடியில் ஒரு வாளி.

பதினாறு வருடம் வந்தாறுமூலை ஆய்வுகூடத்தில்
எங்கள் குடுவைகளைக் கழுவியவள்.
அசிற்றோனில் மூன்று தரம், வடித்த நீரில் மூன்று தரம்.
அடியில் ஒட்டிய செம்பின் பச்சையை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இது போகாது" என்பாள்.
போக்கிவிடுவாள்.

கட்டில் விரிப்பில் விரலால் வரைந்தேன்.
நடுவில் உலோகம். அமோனியா இரண்டு. குளோரின் இரண்டு.
குளோரின்கள் ஒரே பக்கம் நிற்க வேண்டும்,
வாவிக்கு இங்கால், எழுவான்கரையில் இரண்டும்.
ஒன்று இங்கே, மற்றது படுவான்கரையில் என்றால்
அதே அணுக்கள், அதே எடை,
நோய் அசையாது.

"பாத்தீங்களா" சிரித்தாள் வவுணதீவுக்காரி,
"மருந்துக்குள்ளயும்
எங்கட கரை எண்டா வேலை நடக்காது."

இரத்தத்தில் உப்பு அதிகம், அதுவரை குளோரின் பிடிவிடாது.
கலத்துக்குள் உப்புக் குறைவு.
அங்கேதான் ஒன்று விலகும், பிறகு மற்றது.
விட்ட இடத்தில் தண்ணீர் வந்து நிற்கும்.
அந்தக் கையால்தான் பிளாட்டினம்
இழையைப் பற்றி வளைக்கும்.
வளைந்த இழையைப் படியெடுக்க முடியாமல்
கலம் திணறும்.

அவள் இடுப்பில் தொண்ணூறாம் ஆண்டின் துண்டு ஒன்று
இன்னும் கிடக்கிறது.
ஸ்கான் எடுக்கும் பெடியன் திரையைப் பார்த்து
பேச்சை நிறுத்தினான்.
"அது ஒண்டும் செய்யாது மனே.
மாரிக்கு உளையும். அவ்வளவுதான்."

"இது எங்கட கூடத்தில ஆக்கினதா?"

இல்லை.
எங்களுடையது செம்பு. பிளாட்டினத்துக்குக் காசில்லை.
கார்த்திகை ஈரத்தில் பளிங்கு இறங்காமல்,
மின்வெட்டில் கொதி நின்று,
மறுபடி தொடங்கி,
ஒரு விடியலில் குடுவைச் சுவரெல்லாம்
கடும்பச்சை ஊசிகள்.
அன்று அவளைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினேன்.
"இதையும் நான்தானே கழுவணும்" என்றாள்.

ஆறு சிறு குப்பிகளைப் பஞ்சில் பொதிந்து
இரவு ரயிலில் கொழும்புக்கு அனுப்பினோம்.
மூன்று மாதத்தில் மறுமொழி.
புற்றுக் கலங்களில் பாதியைக் கொல்லப் பன்னிரண்டு.
நல்ல கலங்களில் பாதியைக் கொல்லப் பதினான்கு.
நடுவில் இரண்டு.
ஒரு ஆளை நடத்திக் கடத்த
அந்த வரம்பின் அகலம் போதாது.
கட்டுரைத் தலைப்பில்
"சாத்தியமான" என்று ஒரு சொல் போட்டோம்.
பொய்யில்லாத சொல்.
அதைக் கட்டிலருகே நான் வாயெடுக்கவில்லை.

மூன்றாம் சுற்றுக்குப் பிறகு ஒரு நாள்
"மிஸ், மீன் பாடுது" என்றாள்.
"அம்பத்திரண்டு வயசு. கல்லடிப் பாலத்தடியில
பறுவத்தில தோணியில போய்
துடுப்பில காது வெச்சும் கேக்கல்ல.
இப்ப வாட்டில, பட்டப்பகலில,
வலது காதுக்குள்ள."

தாதி சிரிக்கவில்லை. அட்டையில் எழுதினாள்.
அந்தப் பாட்டு எனக்குத் தெரியும்.
பக்கவிளைவு அட்டவணையில்
சிறுநீரகத்துக்கு அடுத்த வரி.

ஐந்தாம் சுற்று.
புதிய அமீன் ஒன்று கிடைத்திருக்கிறது,
இடைவெளி கூடலாம், கூடாமலும் விடலாம் என்று
வலப்பக்கம் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.
"ஓம்" என்றாள், வேறெதற்கோ.

கதிரையைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்தேன்.
இடப்பக்கத்தில் அவள் தங்கை கிருபாவதி
தோடம்பழம் உரித்தபடி.
கொஞ்சம் அரக்கி இடம் விட்டாள்.

பார்வை நேரம் முடிய மணி அடித்தது.
யோகமலருக்குக் கேட்கவில்லை.
கறுப்புத் தாளுக்குக் கீழே
சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கிருபாவதி எழுந்தாள்.
பிறகு நான்.