கமாவுக்கு முன் ஓர் இடைவெளி

நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.
பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தோம்.
ஒருவர் வெறும் புள்ளி வைத்திருந்தார்.
காலியாக விட்டால் படிவம் நகராது, அதனால்.
புள்ளியின் உணர்வு என்ன என்று மென்பொருள் கேட்டது.
நடுநிலை என்று போட்டேன்.

படித்து, வசவுகளைக் களைந்து,
வகை பிரித்து, பதினான்கு ஸ்லைடுகளாக்கி
வெள்ளிக்குள் தேவாங் சாரிடம் தர வேண்டும்.
பெல்லந்தூர், ஏழாவது மாடி.
கண்ணாடிக்கு வெளியே ரிங் ரோடு முழுக்க
மழையில் நின்றுபோன சிவப்பு விளக்குகள்.

'பதினொன்றுக்கு கேப் என்றால் பன்னிரண்டுக்கு வரும்.
பன்னிரண்டு என்றால் வராது.'

'என் டீம் லீட் நல்லவர்.
வேறு டீமுக்கு மாற்றினால் இன்னும் நல்லவர்.'

'மூன்றாம் மாடிக் கழிப்பறைக்குள்
ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் போகக் கூடாதாம்.
கழுவ மட்டும் போகலாமாம்.'

'காப்பி மெஷின் நன்று.'

'நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பதை நிறுத்துங்கள்.
எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.
அதன் முகம் மறந்துகொண்டு வருகிறது.'

இருநூற்று ஆறாவது:
'அப்பாவின் சாம்பலோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தேன் ,
இடுப்பளவு தண்ணீர் , ஒரு கையில் கலயம் ,
மறு கையில் போன் ,
இன்வாய்ஸ் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் கரைத்தேன்.'

கமாவுக்கு முன்னால் ஓர் இடைவெளி.
இந்தக் கட்டடத்தில் அப்படித் தட்டுகிறவர் ஒருவர்தான்,
அக்கவுண்ட்ஸ் புட்டசாமி.
பிறந்தநாள் வாழ்த்திலும் விடுப்புக் கடிதத்திலும்
அவருடைய சொல் நின்று மூச்சு வாங்கிய பிறகே
கமா வரும்.

தேவாங் சார் போன வருஷம் கேட்டார்:
'சும்மா ஒரு ஆர்வம்தான், இது யாராக இருக்கும்?'
அந்த ஆர்வத்தில் பிரிசில்லா போனாள்.
கேக் வெட்டிக் கைதட்டித்தான் அனுப்பினோம்.

இடைவெளிகளை அழித்தேன்.
இந்த வருஷம் அப்பாவை இழந்தவர்கள் மூன்று பேர்,
மலர்வளையங்களுக்கு பில் போட்டது நான்.
அப்பாவை அழித்தேன்.
ஆறு ஊரைச் சொல்லும்; ஆற்றை அழித்தேன்.
இன்வாய்ஸ் டிபார்ட்மென்ட்டைச் சொல்லும்.
கடைசியில் மிஞ்சியது
'விடுப்பிலும் அழைப்புகள் வருகின்றன.'
பத்திரமான வாக்கியம்.
யாருக்கும் ஆபத்தில்லை,
தேவாங் சாருக்கும்தான்.

எழுந்து போய் அந்த மெஷினில் காப்பி பிடித்துவந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

கன்ட்ரோல் இசட்.
இன்வாய்ஸ் வந்தது.
கன்ட்ரோல் இசட்.
ஆறு வந்தது. அப்பா ஈரமாக வந்தார்.

அப்புறம் நான் செய்ததைத்
தணிக்கை என்பதா களவு என்பதா தெரியவில்லை.
அப்பாவை அம்மாவாக்கினேன்.
காவிரியைக் காசிக்குக் கொண்டுபோனேன்,
ஆபீஸில் பாதிப் பேர் போய்வந்த கங்கை.
இன்வாய்ஸ் எண் பாஸ்வேர்ட் ஆயிற்று.
கலயத்தையும் போனையும்
இடுப்பளவுத் தண்ணீரையும் தொடவில்லை.
பிறகு நானூற்றுப் பன்னிரண்டு பேரின்
ஒவ்வொரு கமாவுக்கு முன்னாலும்
ஓர் இடைவெளி போட்டேன்.
இரவு ஒன்றரை ஆனது.
கேப் வரவில்லை.

'என்ன இது, எல்லா கமாவும் தள்ளி நிற்கிறது?'
'மென்பொருள் கோளாறு சார்.'
கங்கை திரையில் இருந்தது.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
அடுத்த ஸ்லைடு
பார்க்கிங்.

முடிவுகள் எல்லோருக்கும் மெயிலில் போன மறுநாள்
லிஃப்டில் புட்டசாமியும் நானும் மட்டும்.
எண்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பேசும்போதும் அவருக்கு அந்த இடைவெளி உண்டு.

'எங்கப்பா மண்டியாவைத் தாண்டினதில்லை மேடம்'
என்றார். மூன்றாவது மாடி வந்தது. யாரும் ஏறவில்லை.
'நீங்க , காசி காட்டிட்டீங்க.'

அது நன்றியா என்று
இன்னும் வகை பிரிக்க முடியவில்லை.