நான்காவது மேசைவிரிப்பு

பதினாறு பக்கப் படிவம்.
ஹானோவர் ஆவணக் காப்பகத்தில்
சாம்பல் நிறக் கோப்பிலிருந்து எடுத்து
என் முன்னே வைக்கிறார்கள்.
பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி.

நிரப்பியவள் ரெஜீனே ஃபால்க்.
பெயருக்கு நடுவே 'சாரா' என்று ஒரு சொல்.
பெற்றவர்கள் வைத்ததல்ல, அரசாங்கம் வைத்தது,
இன்னும் எத்தனையோ யூதப் பெண்களுக்கும் சேர்த்து.
அதையும் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்,
மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் சிறிதாக.

படுக்கையறை.
தலையணை உறை ஆறு.
குழந்தைக் கட்டில் ஒன்று.
அதை அடித்துவிட்டு, 'கட்டில், சிறியது'.
லோறேவுக்கு ஒன்பது வயது;
பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்திருப்பாள்,
குழந்தை என்றதற்குக் கோபித்திருப்பாள்.

கரண்டி பதினொன்று.
பன்னிரண்டாவதை எங்கெங்கே தேடினார்களோ
அந்தக் கடைசி வாரத்தில்.
தேடத்தான் வேண்டும்:
தவறான தகவலுக்குத் தண்டனை உண்டென்று
அடியில் அச்சிட்டிருக்கிறது.

மேசைவிரிப்பு, வெள்ளை, பூவேலை: நான்கு.

இங்கே என் பென்சில் நிற்கிறது.

ஏலப் பட்டியலில் மூன்று என்றிருக்கிறது.
விலை பன்னிரண்டு மார்க்.
வாங்கியவர் பெயர் என் அம்மாவுடையது.

எனக்கு அப்போது ஐந்து வயது.
சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து
"மலிவு" என்றாள்.
அன்றிரவு விளக்கடியில் உட்கார்ந்து
மூலையிலிருந்த இரண்டு எழுத்துகளை
ஊசிமுனையால் இழை இழையாகப் பிரித்தாள்.
நீல நூல். வீணாக்கவில்லை.
என் காலுறையின் கிழிசலை அதால்தான் தைத்தாள்.

நூல் போயிற்று, துளைகள் போகவில்லை.
ஞாயிறுதோறும் சூப் ஆறும்வரை
விரலால் தடவித் தடவி
பள்ளிக்கூடம் போகுமுன்பே
ஆர் எழுதக் கற்றுக்கொண்டேன்,
பிறகு எஃப்.
"இது யாரும்மா?"
"பழைய துணி. சாப்பிடு."

வெறுப்பு என்றால் கத்தும்,
கடைக் கண்ணாடியை உடைக்கும் என்றிருந்தேன்.
அதுவும் நடந்த ஊர்தான்.
ஆனால் இந்தக் கோப்பில் ஒரு கத்தலும் இல்லை.
எரிவாயு நிறுவனம் மரியாதையாகக் கேட்கிறது:
நவம்பர் பாக்கியை யாரிடம் வசூலிப்பது?
வீட்டுக்காரர் கேட்கிறார்:
கதவின் முத்திரையை எப்போது எடுப்பீர்கள்,
இரண்டு மாத வாடகை நஷ்டம்.
ஒவ்வொன்றுக்கும் நிதி அலுவலகம்
வரிசை எண் போட்டுப் பதில் தந்திருக்கிறது:
ரயில் எல்லையைத் தாண்டிய கணத்தில்
அவள் சொத்து அரசின் சொத்து.
தாண்டவைத்ததும் அதே அரசு என்பதற்குப்
படிவத்தில் இடமில்லை.

எண்ணாமல் செய்த பாவம் என்று
அம்மா சாகக் கிடந்தபோது ஒருமுறை சொன்னாள்.
இல்லையம்மா.
எண்ணி எண்ணித்தான் செய்தார்கள்.
கரண்டியைக்கூட.

நான்காவது எங்கே?
முத்திரை வைக்க வந்தவன் மடித்துக் கோட்டுக்குள் செருகினானா?
இல்லை, கையொப்பமிட்ட பிறகு
அந்த ஒரே ஒரு பொய்க்குத் துணிந்து
லோறேவின் பெட்டியில் அடியில் வைத்தாளா,
போகிற இடத்திலும் வெள்ளிக்கிழமை வரும் என்று?

கோப்பு ரீகாவரை போகவில்லை.
அங்கே காட்டில் என்ன நடந்தது என்பது
வேறு கட்டிடம், வேறு கோப்பு.
அதில் பெயர்கள் இல்லை, தொகை மட்டும்.

மூன்றில் ஒன்று இன்று என் பையில் இருக்கிறது.
மேசைமேல் எடுத்து வைத்தேன்.
காப்பகப் பெண் தொடவில்லை.
"துணி வாங்குவதில்லை, அம்மா. தாள் மட்டும்தான்."

காலையில் நுழையும்போது
எனக்கும் ஒரு படிவம் தந்திருந்தார்கள்.
'கோப்பிலுள்ளவருக்கு நீங்கள் என்ன உறவு?'
காலியாக விட்டிருந்தேன்.
திருப்பிக் கேட்டு வாங்கினேன்.
'அவர்கள் துணியில் சாப்பிட்டவள்'
என்று எழுதிவிட்டு
ட்ராமுக்குக் காத்து நிற்கிறேன்,
விரல் பைக்குள்
அந்த மூலையைத் தேடுகிறது.