கீழ்ப்பக்கம்

ப்ரோனியாவுக்குத் தெரிந்தது கீழ்ப்பக்கம் மட்டும்.
சிகாகோ ஆலையில் பலகையைக் குப்புறக் கவிழ்த்து
சுருள்களுக்கு ஈயம் பற்றவைப்பாள்.
மேலே தீட்டிய குதிரைக்காரிகளை ஏறிட்டதில்லை.

போன வருஷம்வரை பந்து விழும், அவ்வளவுதான்;
ஆணிகளில் தட்டித் தடுமாறி
தனக்குப் பிடித்த குழியில்.
புருஷன் ஸிக்மண்ட் மதுக்கடையில்
பெட்டியை இடுப்பால் இடித்து இடித்தே
பாதிச் சம்பளம் தொலைத்தான்.
ஓர் இடி கூடினால் விளக்கு எரியும்:
சாய்ந்துவிட்டது, ஆட்டம் இல்லை.

இன்று புதிதாய் இரண்டு துடுப்புகள்,
விரல் நீளம்.
"தட்டிப் பார்" என்றான் சோதனைக்காரன்.

பந்து இறங்கியது,
ஸிக்மண்டின் காசு போன வழியே.
பொத்தானை அழுத்தினாள்.
அழுத்தியபடியே நின்றாள்.
துடுப்பின் மடியில் பந்து.

"விடு, நேரமாச்சு."
சங்கு ஊதியது.
விடவில்லை.
அடியில் சுருள் சூடேறுவது
அவளுக்குத்தான் தெரியும்.